எம்ஆர்ஐ ரிப்போர்ட் நார்மல் என்றால் மூளையில் ஒன்றும் இல்லை என்று அர்த்தமா? 7 டெஸ்லாவும் புறணியின் அடுக்குகளும்

பாலக்கோடு_ஸ்கேன்காரன் · ஞாயிறு, இரவு 9.10

தருமபுரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் 1.5 டெஸ்லா எம்ஆர்ஐ ஓட்டுகிறேன். டெஸ்லா என்பது மெஷினில் உள்ள காந்தத்தின் வலுவை அளக்கும் அலகு. இந்தத் துறைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

வேலைக்கு வந்த புதிதில், வேறு ஊரில் வேறு சென்டரில் இருந்தபோது, வலிப்பு என்று வந்த ஒரு பையனுக்குத் தலை ஸ்கேன் எடுத்தேன். எல்லாருக்கும் எடுப்பது போலத்தான் எடுத்தேன். 5 மி.மீ. தடிமனில் ஒரு வெட்டு, 1 மி.மீ. இடைவெளி, அடுத்த வெட்டு. ரிப்போர்ட் நார்மல். மூன்று வருடம் கழித்து அந்தப் பையனின் அப்பா வெளியூரில் எடுத்த 3 டெஸ்லா படத்தோடு வந்தார். மூளை மடிப்பு ஒன்றின் அடியில், ஒரு துவரம்பருப்பு அளவு இடத்தில் புறணி சரியாக உருவாகாமல் இருந்ததைக் கண்டுபிடித்திருந்தார்கள். என் பழைய படத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். அந்த இடம் பாதி என் வெட்டின் ஓரத்திலும் பாதி இடைவெளியிலுமாகப் போயிருந்தது. அந்த மூன்று வருடமும் பையனுக்கு வாரம் தவறாமல் வலிப்பு வந்திருக்கிறது.

அன்றிலிருந்து புறணியைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படிக்கிறேன். மூளையின் மேல்தோல் போல் இருக்கும் சாம்பல் நிறப் பகுதிதான் பெருமூளைப் புறணி. சராசரித் தடிமன் இரண்டரை மி.மீ. பக்கம். அதற்குள் ஆறு அடுக்குகள். 1776இல் இத்தாலியின் பார்மா நகரில் பிரான்செஸ்கோ ஜென்னாரி என்ற மருத்துவ மாணவர், பனிக்கட்டியில் உறைய வைத்த மூளையை வெட்டியபோது, பார்வைப் பகுதியின் புறணிக்குள் ஒரு வெள்ளைக் கோடு ஓடுவதை வெறும் கண்ணால் பார்த்தார். புறணி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை என்பதற்கு அதுதான் முதல் சாட்சி. இன்று அதே கோட்டை உயிரோடு இருக்கும் மனிதரின் தலைக்குள், கத்தி படாமல், 7 டெஸ்லா மெஷினில் பார்க்கிறார்கள். ஆறு அடுக்கையும் தனித்தனியாகப் பார்க்கும் காலம் வந்துவிட்டது.

இதைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள். நம் ஊர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்றும் பேசுவோம்.

அரூர்_அண்ணன் · ஞாயிறு, இரவு 9.42

தம்பி, விவசாயிக்குப் புரியும்படி சொல்லுங்கள். டெஸ்லா கூடினால் படம் ஏன் தெளிவாகிறது? கேமராவில் மெகாபிக்சல் மாதிரியா?

பர்கூர்_கல்லுளி · ஞாயிறு, இரவு 11.05

அண்ணா, நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

மெகாபிக்சல் மாதிரி இல்லை. நம் உடம்பில் இருக்கும் தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பெரிய காந்தத்துக்குள் போனால் அவற்றில் மிகச் சிறிய பங்கு ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும். அந்தப் பங்குதான் நமக்குக் கிடைக்கும் சிக்னல். காந்தம் வலுவானால் பங்கும் கூடும். பூமியின் காந்தப்புலம் நம் பகுதியில் 40 மைக்ரோடெஸ்லா அளவில் இருக்கும். 7 டெஸ்லா என்பது அதைப் போல ஒன்றே முக்கால் லட்சம் மடங்கு.

அந்த அணுக்கருக்கள் ரேடியோ அலையில்தான் பேசும். ஒரு டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ். ஆக 1.5 டெஸ்லாவில் 64, 3 டெஸ்லாவில் 128, 7 டெஸ்லாவில் 298 மெகாஹெர்ட்ஸ். நீங்கள் களத்துமேட்டில் கேட்கும் எஃப்எம் 88 முதல் 108 வரை. அதாவது எஃப்எம் ஒலிபரப்பு நம் சென்டர் மெஷினுக்கும் 3 டெஸ்லா மெஷினுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்கேன் அறையைச் சுற்றிச் செம்புத் தகடு அடிப்பது இப்படி வெளியிலிருந்து வரும் அலைகள் உள்ளே புகாமல் இருக்கத்தான்.

இப்போது அளவுக்கு வருவோம். 3 மி.மீ. கனசதுரம் என்றால் கொள்ளளவு 27 கன மி.மீ. அதையே 0.8 மி.மீ. கனசதுரமாகக் குறைத்தால் அரை கன மி.மீ. சிக்னல் ஐம்பதில் ஒரு பங்காக விழுந்துவிடும். ஒரு மூட்டை கேழ்வரகில் கல் இருக்கிறதா என்று பார்ப்பதும், ஒரு கைப்பிடியில் பார்ப்பதும் போல. கைப்பிடியில் எங்கே கல் என்று துல்லியமாகத் தெரியும், ஆனால் எடை போட்டால் தராசு முள் அசையாது. அந்தத் தராசை நுணுக்கமாக்குவதுதான் காந்தத்தின் வேலை.

பிரான்சில் பாரிஸ் பக்கத்தில் சாக்லே என்ற இடத்தில் 11.7 டெஸ்லா மெஷின் ஒன்று உண்டு, பெயர் இசெல்ட். அதில் எடுத்த முதல் மனித மூளைப் படங்கள் 2024இல் வெளியாயின. 0.2 மி.மீ. நுணுக்கம், 1 மி.மீ. தடிமன், வெறும் நான்கு நிமிடம். காந்தத்தின் எடை 132 டன். எங்கள் பர்கூர்ப் பக்கம் வெட்டும் கல் கன மீட்டருக்கு 2.7 டன் நிற்கும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 49 கன மீட்டர் கல்லின் எடை! ஒரு மனிதத் தலையைப் பார்க்க அவ்வளவு பெரிய காந்தம் செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

தேன்கனி_தூரத்துப்பறவை · திங்கள், காலை 6.30

வணக்கம். தேன்கனிக்கோட்டைதான் சொந்த ஊர். இப்போது ஜெர்மனியில் 7 டெஸ்லா மெஷினில்தான் என் ஆராய்ச்சி.

ஸ்கேன்கார அண்ணா, நீங்கள் எழுதியதில் ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். ஆறு அடுக்கையும் தனித்தனியாகப் பார்க்கிறோம் என்று எங்கள் துறையில் யாரும் நிமிர்ந்து சொல்ல மாட்டோம். இரண்டரை மி.மீ.யை ஆறால் வகுத்துப் பாருங்கள், ஓர் அடுக்குக்கு 0.4 மி.மீ. மூளை வேலை செய்வதைப் பார்க்கும் செயல்முறை ஸ்கேனில் நாங்கள் வழக்கமாக எடுப்பது 0.8 மி.மீ. ஆகவே மேல், நடு, அடி என்று மூன்று பங்காகத்தான் பேசுகிறோம். ஆனால் அந்த மூன்று பங்கே பெரிய விஷயம். கண், காது, தோலிலிருந்து வரும் செய்தி மூளையின் ஆழத்தில் இருக்கும் தலாமஸ் என்ற பகுதி வழியாக முக்கியமாக நான்காம் அடுக்கில், அதாவது நடுவில், வந்து இறங்கும். மேல் அடுக்குகள் புறணியின் மற்ற பகுதிகளுக்குச் செய்தி அனுப்பும். ஐந்தாம் அடுக்கிலிருந்து தண்டுவடம் வரைக்கும் கட்டளை போகும். எந்தப் பங்கு விழித்துக்கொண்டது என்று தெரிந்தால், செய்தி உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று தெரிந்துவிடும்.

இதில் ஒரு பெரிய தொல்லை உண்டு. வழக்கமான செயல்முறை ஸ்கேன், ரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதைப் பார்க்கிறது. 1990இல் செய்ஜி ஒகாவா காட்டிய போல்ட் முறை. எங்கள் ஊர்ச் சரிவில் படிப்படியாக வயல் இருக்கும். மேல் வயலில் பாய்ச்சினாலும் நடு வயலில் பாய்ச்சினாலும் கசியும் தண்ணீர் கடைசியில் ஒரே ஓடையில்தான் சேரும். ஓடையில் அளந்துவிட்டு ஓடைக்கரை வயலில்தான் தண்ணீர் அதிகம் என்று சொன்னால் தப்பு அல்லவா? புறணியில் ரத்தம் அடியிலிருந்து மேற்பரப்பை நோக்கி வடிகிறது. பெரிய சிரைகள் மேற்பரப்பில் இருக்கின்றன. அதனால் எந்த அடுக்கு வேலை செய்தாலும் மேல் அடுக்கே அதிகம் மின்னுவது போல் படம் காட்டும். பல வருடம் எங்கள் துறையை அரித்த கேள்வி இது.

இதற்கு ஒரு வழி, சிரையில் வடியும் ரத்தத்தை விட்டுவிட்டு, அந்தந்த இடத்துச் சிறு குழாய்கள் எவ்வளவு விரிகின்றன என்று அளப்பது. வாசோ என்று பெயர். 2003இல் வந்த முறை. இதை 7 டெஸ்லாவுக்குக் கொண்டுவந்து லாரன்டியஸ் ஹூபரும் கூட்டாளிகளும் 2017இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். கையை அசைக்கும் பகுதியில் புறணி 4 மி.மீ. வரை தடிமன், அதனால் அங்கே பார்த்தார்கள். விரலைத் தானே தட்டும்போது மேல் அடுக்கும் அடி அடுக்கும் இரண்டும் எழுந்தன. விரலை அசைக்காமல் தொடுவதை மட்டும் உணரும்போது மேல் அடுக்கு எழுந்தது, அடி அடுக்கு பெரும்பாலும் அமைதி. கட்டளை வெளியே போகவில்லை, அதனால் அடியில் அசைவில்லை. உயிருள்ள மனிதரில் இதைப் படமாகப் பார்த்த அன்று நான் இந்தத் துறைக்குத்தான் வருவது என்று முடிவு செய்தேன்.

இன்னொன்று. மூன்று கறுப்பு வட்டங்களில் ஆளுக்கொரு துண்டை வெட்டி எதிரெதிராக வைத்தால், நடுவில் வரையாத முக்கோணம் ஒன்று கண்ணுக்குத் தெரியும். கனிசா முக்கோணம் என்பார்கள். அந்த இல்லாத முக்கோணத்தைப் பார்க்கும்போது முதல் பார்வைப் பகுதியில் அடி அடுக்கு மட்டும் விழிப்பதை 2016இல் காட்டினார்கள். கண்ணிலிருந்து அந்த இடத்துக்கு எதுவும் வரவில்லை. பார்வைச் செய்தியை அடுத்த கட்டத்தில் ஆராயும் பகுதிகள் தங்கள் ஊகத்தை இந்த முதல் பகுதிக்குத் திருப்பி அனுப்புகின்றன.

எனக்கே பலமுறை 7 டெஸ்லாவுக்குள் படுத்த அனுபவம் உண்டு. மேசை உள்ளே நகரும்போது ராட்டினத்தில் சுற்றுவது போல் தலை சுற்றும். காதுக்குள் இருக்கும் சமநிலைத் திரவத்தைக் காந்தம் தள்ளுவதால் அப்படி. சிலருக்கு நாக்கில் இரும்புச் சுவை. மெதுவாக உள்ளே விட்டால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும்.

அரூர்_அண்ணன் · திங்கள், காலை 8.15

ஓடைக் கணக்கு நன்றாகப் புரிந்தது அம்மா. எங்கள் கிணற்றில் ஊற்று எந்த மட்டத்தில் என்று பார்க்க இதே பாடுதான் பட்டோம்.

ஓசூர்_அத்தை · திங்கள், இரவு 10.20

எல்லாரும் பேசுவதைப் படித்தேன். எனக்குப் படிப்பு குறைவு, தப்பாகக் கேட்டால் மன்னிக்கவும்.

என் தம்பி மகனுக்கு ஒன்பது வயது. ஒன்றரை வயதிலிருந்து ஃபிட்ஸ். இடது கை முதலில் இழுக்கும், அப்புறம் முகம் கோணும், சில நேரம் நினைவு போய்விடும். இரண்டு மாத்திரை மாற்றி, இப்போது மூன்றாவது போகிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வருகிறது. பள்ளியில் விழுந்து பல் உடைந்த பிறகு தம்பி அவனை வெளியே விடுவதே இல்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று சொன்னதால் சொந்தக்காரர்கள் பேய், குலதெய்வக் குறை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தம்பி மனைவி தன்னால்தான் என்று அழுகிறாள்.

இந்த 7 டெஸ்லா எங்கே எடுக்கலாம்? நகையை வைத்தாவது எடுத்துவிடுகிறோம்.

பாலக்கோடு_ஸ்கேன்காரன் · திங்கள், இரவு 10.48

அக்கா, நகையை எடுக்க வேண்டாம், முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். அந்த ஸ்கேன் எப்போது எடுத்தது? எத்தனை டெஸ்லா? ஃபிலிமின் ஓரத்தில் பொடி எழுத்தில் தடிமன் என்று ஓர் எண் இருக்கும், அது எவ்வளவு? அப்புறம் வேறு ஸ்கேன் எடுத்தார்களா?

ஊத்தங்கரை_மருத்துவர் · செவ்வாய், காலை 7.05

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். பொது மருத்துவர் நான். படிக்கும் மற்றவர்களுக்காக இதைச் சொல்லியாக வேண்டும். வலிப்பு உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு மாத்திரையிலேயே அடங்கிவிடும். அவர்கள் பெரிய மெஷினைத் தேடி அலையத் தேவையில்லை. நம் பகுதியில் நாடாப்புழுவின் முட்டை உணவோடு வயிற்றுக்குள் போய், மூளையில் கட்டி உண்டாக்கி வரும் வலிப்பும் நிறைய. அது சாதாரண ஸ்கேனிலேயே பெரும்பாலும் தெரியும்.

சரியான மாத்திரை, சரியான அளவில் இரண்டு கொடுத்தும் நிற்கவில்லை என்றால் அதற்கு மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று பெயர். ஓசூர் அம்மா சொல்லும் பையன் அந்த இடத்துக்கு வந்துவிட்டான். அந்த நிலையில் காத்திருப்பதுதான் ஆபத்து. வலிப்பு அறுவை மையத்துக்கு அனுப்ப வேண்டும். இன்னொன்று, யாரும் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து அடித்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஓசூர்_அத்தை · செவ்வாய், மதியம் 2.30

தம்பியிடம் ஃபிலிமை வாங்கிப் பார்த்தேன். ஒன்றரை வயதில் எடுத்தது, அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. 1.5 என்று போட்டிருக்கிறது. தடிமன் 5.0.

தேன்கனி_தூரத்துப்பறவை · செவ்வாய், மாலை 4.10

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் நெஞ்சு படபடத்தது. கவனமாகப் படியுங்கள்.

குழந்தை பிறக்கும்போது மூளையின் வெள்ளைப் பகுதி வெள்ளையாக இருக்காது. நரம்பு இழைகளைச் சுற்றி மைலின் என்ற கொழுப்பு உறை மெல்ல மெல்ல ஏறும். இரண்டு, இரண்டரை வயதுக்குள் அந்த வேலையில் பெரும்பகுதி முடியும். ஒன்றரை வயதில் பாதி ஏறி, பாதி ஏறாமல் இருக்கும்போது ஸ்கேனில் சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் நடுவில் கோடே சரியாக விழாது. உங்கள் மருமகனுக்குப் புறணி அடுக்கு குலைந்திருந்தால், அதைக் காட்டும் முக்கிய அடையாளமே அந்தக் கோடு மங்கலாக இருப்பதுதான். எல்லா இடத்திலும் கோடு மங்கலாக இருக்கும் வயதில் ஓர் இடத்து மங்கலைப் பிரித்துச் சொல்வது ரொம்பக் கஷ்டம். அன்று படம் பார்த்த டாக்டரின் மேல் தப்பில்லை. ஆனால் இரண்டரை வயதுக்குப் பிறகு திரும்ப எடுத்திருக்க வேண்டும்.

கருவில் நரம்பணுக்கள் உள்ளிருந்து புறப்பட்டு மேலே ஏறி, தத்தம் அடுக்கில் போய் உட்கார வேண்டும். ஓர் இடத்தில் சில அணுக்கள் வழி தவறி, உருவமும் தவறி, அடுக்கு கட்டாமல் குவிந்துவிட்டால் அதுதான் குவியப் புறணிக் குலைவு. பெரும்பாலும் அந்த இடத்து அணுக்களில் மட்டும், கரு வளரும்போது தற்செயலாக நடந்த மரபணு மாற்றம் காரணம். அம்மா சாப்பிட்டதோ, செய்ததோ, செய்யாததோ காரணம் இல்லை. உங்கள் மருமகனுக்கு இருப்பது இதுதானா என்று படம் பார்க்காமல் நான் சொல்லக் கூடாது. ஆனால் எதுவாக இருந்தாலும் தம்பி மனைவி தன்னை நொந்துகொள்ள ஒரு காரணமும் இல்லை, இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

7 டெஸ்லா பற்றி. வலிப்பு அறுவைக்கு முன் அதைப் பயன்படுத்துவது உண்மைதான். 3 டெஸ்லாவில் ஒன்றும் தெரியாத சிலருக்கு அதில் தெரிந்திருக்கிறது. 7 டெஸ்லாவில் ரேடியோ அலையின் நீளம் தலைக்குள் 12, 13 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும், தலையின் அளவுக்கே வந்துவிடும். அதனால் பொட்டுப் பகுதியில் படம் இருண்டுபோகும். அலையை எட்டுத் திசையிலிருந்து அனுப்பி இதைச் சரிசெய்யும் முறையைக் கேம்பிரிட்ஜ், பாரிஸ் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கினார்கள். கேம்பிரிட்ஜில் 31 வலிப்பு நோயாளிகளிடம் அதைச் செய்து பார்த்து 2025இல் வெளியிட்டார்கள். 9 பேருக்கு மூளையில் முன்பு தெரியாத கோளாறு தெரிந்தது. 18 பேருக்குச் சிகிச்சைத் திட்டமே மாறியது. ஆனால் அமெரிக்காவில் 2017இல் 7 டெஸ்லாவுக்கு அனுமதி கொடுத்தபோதே 30 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்களுக்கு மட்டும் என்று வரம்பு வைத்தார்கள். ஒன்பது வயதுப் பையன் அதைத் தாண்டியிருப்பானா என்பதே சந்தேகம்.

அவனுக்கு இப்போது தேவை 7 டெஸ்லா இல்லை. 3 டெஸ்லாவில், வலிப்புக்கென்று உள்ள முறையில், இடைவெளியே இல்லாமல் 1 மி.மீ. கனசதுரமாக முழுத் தலையும் எடுத்த படம். அதைப் புறணி பார்த்துப் பழகிய கண் பார்க்க வேண்டும்.

பாலக்கோடு_ஸ்கேன்காரன் · செவ்வாய், இரவு 9.30

இதைத்தான் நான் சொல்ல வந்தேன், பாப்பா என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டது. ஆறு அடுக்கு பற்றித் திருத்தியதற்கும் நன்றி, முதல் பதிவில் அவசரப்பட்டு எழுதிவிட்டேன்.

அக்கா, ஓசூரிலிருந்து பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 40 கி.மீ.க்குள்தான். அங்கேயும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்திலும் வலிப்பு அறுவைக்கென்றே தனி அணி இருக்கிறது. டாக்டரைப் பார்க்கும்போது மூன்று விஷயம் மறக்காமல் சொல்லுங்கள்: ஒரே ஸ்கேன் ஒன்றரை வயதில் எடுத்தது, இப்போது மூன்றாவது மாத்திரை, எப்போதும் இடது கையில்தான் ஆரம்பிக்கிறது. இந்தக் கடைசி விஷயம் தங்கம் மாதிரி. இடது கை என்றால் படம் பார்ப்பவர் வலது மூளையில் கை அசைவுப் பகுதியைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் தேடுவார். எங்கே தேடுவது என்று தெரிந்து பார்ப்பதும் தெரியாமல் பார்ப்பதும் வேறு வேறு. நாங்கள் ரிக்வெஸ்ட் தாளில் "வலிப்பு" என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் பார்த்துப் படம் எடுத்த நாட்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. வலிப்பு வரும்போது போனில் வீடியோ எடுத்து வையுங்கள். சிடியும் பழைய ஃபிலிமும் கையோடு கொண்டு போங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது.

அசையாமல் படுப்பதுதான் மிச்சம். ஒவ்வொரு வரிசைக்கும் ஐந்தாறு நிமிடம். தலை ஒரு மி.மீ. நகர்ந்தாலே புறணி அளவுக்குப் பாதி கலைந்துவிடும். இணையத்தில் எம்ஆர்ஐ மெஷின் சத்தம் கிடைக்கும். வீட்டில் கட்டிலுக்கு அடியில் பையனைப் படுக்க வைத்து அந்தச் சத்தத்தைப் போட்டு, ஐந்து நிமிடம் சிலை மாதிரி இருந்தால் ஒரு பரிசு என்று பழக்குங்கள். ஒரு வாரம் செய்தால் பல பிள்ளைகள் மயக்க மருந்தே இல்லாமல் எடுத்துவிடுவார்கள். அரைஞாண், தாயத்து, காப்பு எல்லாவற்றையும் முந்தின நாளே கழற்றிவிடுங்கள். வெள்ளி என்று நினைப்பதில் உள்ளே இரும்புக் கம்பி இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கூடப் போகும் அம்மா தாலியில் ஊக்கு கோத்திருந்தால் அதுவும் வெளியே.

பர்கூர்_கல்லுளி · புதன், காலை 6.50

நம் பக்கத்தில் நடக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்னை ஐஐடியில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவின் மூளையை மெல்லிய சீவலாகச் சீவி அணு அணுவாகப் படம் பிடித்து, தரணி என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியிட்டது. 5,132 சீவல்கள், யாரும் இலவசமாகப் பார்க்கலாம். தேன்கனி தங்கச்சி சொன்ன அந்த ஏறும் அணுக்களை அதில்தான் என் மாணவர்களுக்குக் காட்டினேன். வகுப்பு முழுக்க மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

ஓசூர்_அத்தை · ஆறு வாரம் கழித்து, சனி, இரவு 8.15

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூருவில் 3 டெஸ்லாவில் எடுத்தாயிற்று. கட்டிலுக்கு அடியில் பத்து நாள் பழகினான், மயக்க ஊசி போடவில்லை. வலது பக்கம் ஒரு மடிப்பின் அடியில் கோடு மங்கலாக இருப்பது போல் சந்தேகம் என்று எழுதியிருக்கிறார்கள். வலிப்பு அங்கிருந்துதான் கிளம்புகிறதா என்று பார்க்க, வார்டில் சேர்த்து, தலையில் கம்பி ஒட்டி மூளையின் மின்சார ஓட்டத்தையும் வீடியோவையும் சேர்த்துப் பதிவு செய்யும் வீடியோ ஈஈஜி எடுக்க வேண்டுமாம். 14ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். கையை அசைக்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கம் என்று பார்த்த பிறகுதான் ஆபரேஷன் பற்றிச் சொல்ல முடியும் என்றார் டாக்டர். தம்பி மனைவிக்கு அந்தப் படத்தைக் காட்டினார்கள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்து அன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டாள்.

தேன்கனி_தூரத்துப்பறவை · சனி, இரவு 8.40

அக்கா, இரண்டு தடவை படித்துவிட்டேன். கை அசையும் இடத்தைச் செயல்முறை ஸ்கேனில் தனியாகக் குறித்துக்கொள்வார்கள், விரலைத் தட்டச் சொல்லித்தான். அவனிடம் இப்போதே சொல்லி வையுங்கள், தலை அசையாமல் விரல் மட்டும் அசைய வேண்டும்.

பாலக்கோடு_ஸ்கேன்காரன் · சனி, இரவு 9.05

அக்கா, 13ஆம் தேதி ராத்திரி தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, எண்ணெய் வைக்காமல் கூட்டிப் போங்கள். எண்ணெய் இருந்தால் ஈஈஜி கம்பி தலையில் ஒட்டாது. மாத்திரையைக் குறைப்பதா வேண்டாமா என்பதை வார்டில் அவர்களே சொல்வார்கள், நீங்களாக எதையும் விட வேண்டாம்.